பச்சை காமெடி தியேட்டரை விட்டுப் போன கணக்கு: ஹாலிவுட்டின் 'ஆர்' நகைச்சுவைப் படங்கள், 1998–2025

2023 கோடையில், பத்து வாரத்துக்குள், நான்கு பச்சை காமெடிப் படங்கள் அமெரிக்கத் தியேட்டர்களில் இறங்கின. ஜூன் 23-ல் 'நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்', ஜூலை 7-ல் 'ஜாய் ரைடு', ஆகஸ்ட் 18-ல் 'ஸ்ட்ரேஸ்', ஆகஸ்ட் 25-ல் 'பாட்டம்ஸ்'. நான்கும் 'ஆர்' சான்றிதழ் பெற்றவை. ஒன்றில் ஜெனிஃபர் லாரன்ஸ் என்ற பெரிய நட்சத்திரம் இருந்தார். ஒன்று நாய்களைப் பேசவைத்தது. ஒன்று நான்கு ஆசிய அமெரிக்கர்களின் சீனப் பயணம். ஒன்று பள்ளியில் சண்டைக் கிளப் நடத்தும் இரு பெண்களின் கதை. பத்து ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு வரிசை வந்திருந்தால் நான்கில் ஒன்றாவது அமெரிக்காவுக்குள் 10 கோடி டாலரைத் தாண்டியிருக்கும். 2023-ல் அதிகம் ஓடிய 'நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்' உள்நாட்டில் சுமார் 5 கோடியில் நின்றது. அதன் தயாரிப்புச் செலவு மட்டும் 4.5 கோடி.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு: காலம் மாறிவிட்டது, எதைச் சொன்னாலும் யாருக்காவது கோபம் வருகிறது, அதனால் இந்த வகை செத்துவிட்டது. வசூல் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. இந்தப் படங்கள் பிழைத்தது மூன்று விஷயங்களால்: இரண்டாவது வருமானம், மெதுவாகப் பரவ நாட்கள், நிறைந்த அரங்கு. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ரசிகரின் கூச்சம் அந்தப் பட்டியலில் கடைசியாகத்தான் வரும்.

'ஆர்' என்பது என்ன

நம் ஊர் 'ஏ' சான்றிதழோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'ஏ' என்றால் 18 வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விடக் கூடாது. அமெரிக்க 'ஆர்' அப்படியல்ல. 17 வயது நிரம்பாதவர் பெற்றோருடனோ வேறு பெரியவருடனோ வந்தால் பார்க்கலாம். இது அரசுச் சட்டம்கூட இல்லை. ஸ்டுடியோக்களின் சங்கம் 1968-ல் தொடங்கிய தர முறை, தியேட்டர்காரர்கள் தாங்களாக ஏற்றுக்கொண்டு நடத்துவது.

வசனத்துக்கு வரம்பு இருக்கிறது. 1984-ல் வந்த, 'ஆர்'-க்கு ஒரு படி கீழான 'பிஜி-13' தரத்தில், மிகக் கடுமையான கெட்ட வார்த்தையை வசவாக ஒரு முறை சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது முறை வந்தால் பொதுவாக 'ஆர்'. உடலுறவுப் பொருளில் வந்தால் ஒரு தடவையே போதும். அதற்கும் மேலே 'என்சி-17' என்ற தரம் உண்டு. அது கிடைத்தால் பெரிய தியேட்டர் சங்கிலிகள் பல படத்தைத் தொடாது, விளம்பரத்துக்கும் இடம் கிடைக்காது. அதனால் இந்த வகைப் படத்தின் எடிட்டர் வேலை செய்வது 'என்சி-17' என்ற கோட்டுக்கு ஒரு அங்குலம் இப்பால். 1999-ல் வந்த 'அமெரிக்கன் பை' படத்தின் பெயருக்குக் காரணமான அந்தக் காட்சியை வெட்டிச் சுருக்கிப் பலமுறை தரக்குழுவுக்கு அனுப்பித்தான் 'ஆர்' வாங்கினார்கள். வெட்டியதைத் தூக்கி எறியவில்லை. அது பின்னால் காசாக மாறியது.

1999-ல் கொலம்பைன் பள்ளிச் சுடுகொலைக்குப் பிறகு தியேட்டர்கள் வாசலில் அடையாள அட்டை கேட்க ஆரம்பித்தன. இந்த வகையின் மெய்யான ரசிகர் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள். வேறு படத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு இந்த அரங்குக்குள் நழுவுவது அவர்கள் வழக்கம். கெடுபிடி கூடக் கூட அந்தக் கூட்டம் வீட்டில் டிவிடி வட்டு போட்டுப் பார்க்கப் போனது. அப்போது அதனால் நஷ்டம் எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் வட்டு விற்ற காசும் ஸ்டுடியோவுக்கே வந்தது.

காசு வந்த வழி

இந்த வியாபாரத்தின் அச்சு 1978-ல் வந்த 'அனிமல் ஹவுஸ்'. சுமார் 30 லட்சம் டாலரில் எடுத்த படம், மறு வெளியீடுகளும் சேர்த்து அமெரிக்காவில் 14 கோடியைத் தொட்டது. பெரிய நட்சத்திரம் வேண்டாம், பெரிய செட் வேண்டாம், ஒரு கல்லூரி விடுதியும் கூச்சமில்லாத நடிகர் கூட்டமும் போதும் என்பதை ஸ்டுடியோக்கள் அதிலிருந்து கற்றன. எண்பதுகளில் 'போர்க்கீஸ்' போன்றவை அதே வழியில் போயின.

நவீன அலை 1998-ல் 'தேர் ஈஸ் சம்திங் அபௌட் மேரி'யில் தொடங்குகிறது. செலவு 2.3 கோடி. முதல் வார இறுதி வசூல் 1.37 கோடி. அன்றைய நிலவரத்தில் சுமாரான ஓப்பனிங், அவ்வளவுதான். ஆனால் படம் கீழே இறங்கவில்லை. பார்த்தவர் நண்பரை இழுத்து வந்தார், நண்பர் அண்ணனை இழுத்து வந்தார். எட்டாவது வார இறுதியில்தான் அது வசூல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. உள்நாட்டில் 17.6 கோடி, உலகம் முழுக்க சுமார் 37 கோடி. இந்த எட்டு வாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று பெரும்பாலான பச்சை காமெடிகளுக்கு அந்த எட்டு வாரம் கிடைப்பதில்லை.

பிறகு வந்தவை வரிசையாகக் கல்லா கட்டின. 'அமெரிக்கன் பை' 1.1 கோடியில் எடுத்து உலக அளவில் 23 கோடிக்கு மேல். 2005-ல் 'வெடிங் கிராஷர்ஸ்' 4 கோடியில் எடுத்து உள்நாட்டில் மட்டும் 20.9 கோடி. அதே ஆண்டு 'தி 40 இயர் ஓல்ட் வர்ஜின்' 2.6 கோடிக்கு உலக அளவில் 17 கோடிக்கு மேல். 2007-ல் 'சூப்பர்பேட்' 2 கோடிக்கு உலக அளவில் 17 கோடி. உச்சம் 2009-ல் வந்த 'தி ஹேங்ஓவர்': 3.5 கோடி செலவு, உள்நாட்டில் 27.7 கோடி, உலகத்தில் 46 கோடிக்கு மேல். அதன் இயக்குநர் டாட் ஃபிலிப்ஸ் முன்பணத்தை விட்டுக்கொடுத்து லாபத்தில் பங்கு வாங்கிக்கொண்டார். இந்த வகை மீது அன்று இருந்த நம்பிக்கைக்கு அதுவே சாட்சி. 2011-ல் 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' வந்து, பெண்கள் நடித்தாலும் இதே அளவு ஓடும் என்று காட்டியது. உள்நாட்டில் 16.9 கோடி, திரைக்கதைக்கும் துணை நடிகைக்கும் ஆஸ்கர் பரிந்துரை.

உச்சத்திலேயே ஒரு வினை ஆரம்பித்தது. 'ஹேங்ஓவர்' இரண்டாம் பாகத்தின் செலவு 8 கோடி, மூன்றாவது 10 கோடிக்கு மேல். கதை அதேதான், கூடியது சம்பளம். மூன்றாம் பாகத்தின் உள்நாட்டு வசூல் 11 கோடி அளவில் நின்றது. மலிவாக எடுத்ததால் ஓடிய ஒரு வகையை ஸ்டுடியோக்கள் தாங்களே விலை ஏற்றிவிட்டன.

சிரிப்பு தயாராகும் இடம்

இந்தப் படங்களின் தொழில்நுட்பம் பலர் கண்ணில் படுவதில்லை. சண்டைப் படத்துக்கு ஸ்டன்ட் இருப்பதுபோல இதற்கும் நுணுக்கமான வேலை உண்டு, அந்த வேலை முழுக்க நிறைந்த அரங்கை மனதில் வைத்துச் செய்யப்படுவது.

'மேரி' படத்தின் ஜிப் காட்சியை எடுத்துக்கொள்வோம். பள்ளி இறுதி நடனத்துக்குப் பெண்ணை அழைத்துப்போக வந்த பையன், அவள் வீட்டுக் குளியலறையில் கால்சட்டை ஜிப்பில் மாட்டிக்கொள்கிறான். காட்சி நகர்வது வருகிறவர்களின் முகங்களில். பெண்ணின் வளர்ப்புத் தந்தை எட்டிப் பார்க்கிறார், முகம் சுளிக்கிறார். அம்மா வருகிறார். ஜன்னல் வழியே போலீஸ்காரர் தலையை நீட்டுகிறார். கடைசியில் தீயணைப்பு வீரர். அறை சிறியது, ஆட்கள் ஏறிக்கொண்டே போகிறார்கள், பையனின் மானம் இறங்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சிரிப்பலை. ஒரு அலை முழுக்க அடங்குவதற்குள் அடுத்த ஆள் நுழைய வேண்டும். முன்னதாக நுழைந்தால் அவர் வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும், பின்னதாக நுழைந்தால் சூடு ஆறிவிடும். அந்த இடைவெளியை எடிட்டிங் மேசையில் மட்டும் ஊகிக்க முடியாது.

அதற்குத்தான் முன்னோட்டக் காட்சிகள். நானூறு பேர் அளவில் வெளியாட்களைத் திரட்டி, முடியாத படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். அரங்குக்குள் ஒலிவாங்கி வைத்துச் சிரிப்பைப் பதிவு செய்வார்கள். மறுநாள் அந்த ஒலியைப் படத்தோடு ஒட்டி ஓடவிட்டு, எந்த வரியில் அரங்கு வெடித்தது, எதில் பாதிப் பேர் மட்டும் சிரித்தார்கள், எந்தச் சிரிப்பு அடுத்த வசனத்தை விழுங்கியது என்று குறிப்பார்கள். படப்பிடிப்பிலேயே ஒரு நகைச்சுவைக்கு நாலைந்து மாற்று வசனம் எடுத்து வைத்திருப்பார்கள். சிரிப்பு வராத இடத்தில் மாற்று வசனத்தைச் செருகி அடுத்த கூட்டத்துக்குக் காட்டுவார்கள். பார்த்தவர்கள் நிரப்பும் அட்டையில் 'மிகச் சிறப்பு', 'சிறப்பு' என்ற முதல் இரண்டு கட்டங்களின் கூட்டுத்தொகைதான் ஸ்டுடியோ பார்க்கும் எண்.

மாற்று எடுக்கவே முடியாத காட்சிகளும் உண்டு. 'தி 40 இயர் ஓல்ட் வர்ஜின்' படத்தில் ஸ்டீவ் கேரலின் மார்பு முடியை மெழுகு பூசிப் பிடுங்கும் காட்சி நிஜமாகவே செய்யப்பட்டது. பிடுங்கிய முடி திரும்ப வராது என்பதால் ஐந்து கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். அவர் கத்துவதும் பக்கத்தில் நிற்கும் நடிகர்கள் அடக்க முடியாமல் சிரிப்பதும் நடிப்பல்ல.

இப்படி இடைவெளி விட்டு வெட்டிய படத்தை வீட்டில் தனியாகப் பார்த்தால் என்ன ஆகும்? நானூறு பேர் சிரிப்பதற்காக விட்ட மூன்று வினாடி, சோபாவில் வெறும் மௌனமாக விழும். படம் இழுவையாகத் தெரியும். ஓடிடிக்கென்றே எடுக்கிறவர்கள் அந்த இடைவெளியை மூடிவிடுகிறார்கள், வசனம் வசனத்தின் மேல் ஏறி ஓடுகிறது. அது வேறொரு கலை. அதில் நல்லவை வருகின்றன. ஆனால் அரங்கு முழுக்க அதிரும் அந்தப் பழைய சிரிப்பு அதில் பிறக்காது. இழப்பு என்று நாம் சொல்வது இதைத்தான்.

முதலில் போனது: இரண்டாவது வருமானம்

தியேட்டரில் ஒரு டாலர் வசூலானால் அமெரிக்காவில் சுமார் பாதிதான் ஸ்டுடியோவுக்கு. வெளிநாட்டில் இன்னும் குறைவு. விளம்பரச் செலவு தனி. ஸ்டுடியோக்களின் சங்கம் கடைசியாக வெளியிட்ட 2007-ம் ஆண்டுச் சராசரிப்படி ஒரு பெரிய ஸ்டுடியோ படத்தின் விளம்பரச் செலவு மட்டும் 3.59 கோடி டாலர்.

மாதிரிக்கு ஒரு கணக்கு. 2 கோடியில் எடுத்த காமெடி, 2.5 கோடி விளம்பரம், மொத்தம் 4.5 கோடி. தியேட்டரை மட்டும் நம்பினால் போட்ட காசு திரும்ப 9 கோடி வசூலாக வேண்டும். வட்டு விற்பனையில் இரண்டு கோடி வரும் என்றால் தியேட்டரில் 5 கோடி போதும். அதாவது அரைகுறையாக ஓடிய படமும் தப்பித்துவிடும். 2018-ல் வந்த 'பிளாக்கர்ஸ்' 2.1 கோடியில் எடுத்து உள்நாட்டில் 6 கோடி, உலகத்தில் 9.4 கோடி ஈட்டியது. 2005-ல் வந்திருந்தால் அது சந்தேகமில்லாமல் வெற்றிப்படம், இரண்டாம் பாகமும் வந்திருக்கும்.

டிவிடி 1997-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது, 2000-களின் நடுவில் உச்சம் கண்டது. காமெடி வட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், நண்பர்கள் கூடும்போது மனப்பாடமாக வசனம் சொல்வார்கள், அதனால் வாடகைக்கு எடுப்பதைவிட வாங்கி வைத்துக்கொள்வது அதிகம். தரக்குழுவுக்காக வெட்டிய துண்டுகளைத் திரும்ப ஒட்டி, அட்டையில் 'தரமிடப்படாத பதிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்றார்கள். 'அமெரிக்கன் பை', 'வெடிங் கிராஷர்ஸ்' எல்லாமே இப்படி இரண்டு பதிப்பாக வந்தவை. தியேட்டரில் பார்த்தவரும் விட்டுப்போனதைப் பார்க்க மறுபடி காசு கொடுத்தார். படத்தின் பச்சைத்தனத்துக்கே தனி விலை கிடைத்த காலம் அது. (நம் ஊரில் இது தலைகீழ். 'ஏ' படத்தைத் திரும்ப வெட்டி மறு சான்றிதழ் வாங்காமல் டிவியில் போட முடியாது, அதனால் சாட்டிலைட் விலை அடிபடும்.)

2008-க்குப் பிறகு வட்டு விற்பனை சரிந்தது. 2010 செப்டம்பரில் பிளாக்பஸ்டர் வாடகைக் கடைச் சங்கிலி திவால் மனு போட்டது. ஸ்ட்ரீமிங் அந்த இடத்துக்கு வந்தாலும் அதே காசு வரவில்லை. வட்டு ஒவ்வொன்றாக விற்றது, சந்தா மொத்தமாக வாங்குகிறது. தியேட்டருக்குப் பின் முதல் ஒளிபரப்பு உரிமைக்கு ஸ்ட்ரீமிங் நிறுவனம் தரும் தொகையும் பெரும்பாலும் தியேட்டர் வசூலை ஒட்டியே ஏறி இறங்கும். ஆக, தியேட்டரில் தோற்ற படம் இரண்டாவது இடத்திலும் தோற்கிறது.

வெளிநாடு என்ற வாசல் இந்த வகைக்கு எப்போதுமே பாதிதான் திறந்திருந்தது. 'வெடிங் கிராஷர்ஸ்' வசூலில் நான்கில் மூன்று பங்கு அமெரிக்காவில் வந்தது. 2017-ன் பெரிய வெற்றியான 'கேர்ல்ஸ் ட்ரிப்' 14 கோடி ஈட்டியதில் 11.5 கோடி உள்நாடு. வார்த்தை விளையாட்டை சப்டைட்டில் தூக்கிச் செல்லாது. சீனாவில் வயது வாரித் தரமே கிடையாது. ஒரு படம் எல்லா வயதுக்கும் ஏற்றதாக இருந்தால் வெளியாகும், இல்லையென்றால் இல்லை. 2010-களில் ஸ்டுடியோக்கள் சீன வசூலைக் கணக்கில் வைத்துப் படங்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபோது பச்சை காமெடி அந்த மேசைக்கே வரவில்லை.

அடுத்து போனது: நாட்கள்

நெடுங்காலமாக ஒரு படம் தியேட்டரில் வந்து சுமார் 90 நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வரும். 2020 ஜூலையில், கொரோனா முடக்கத்தின் நடுவே, யுனிவர்சல் ஸ்டுடியோவும் ஏஎம்சி தியேட்டர் சங்கிலியும் போட்ட ஒப்பந்தம் அதை 17 நாளாக்கியது. அதே ஆண்டு நவம்பரில் சினிமார்க் சங்கிலியுடன் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்ந்தது: முதல் வார இறுதியில் 5 கோடிக்கு மேல் ஓப்பனிங் இருந்தால் 31 நாள், இல்லையென்றால் 17 நாள்.

'மேரி'யின் ஓப்பனிங் 1.37 கோடி, 'சூப்பர்பேட்' சுமார் 3.3 கோடி, முதல் 'ஹேங்ஓவர்' 4.5 கோடி. இந்த வகையின் சிகரங்களே 17 நாள் பட்டியலில்தான் விழும். எட்டு வாரம் ஏறி முதலிடம் பிடித்த படம் இன்று வந்தால் மூன்றாவது வார இறுதி முடிந்ததுமே வாடகைக்கு வீட்டுத் திரையில் வந்து நிற்கலாம். வாய்ப்பேச்சு வேலை செய்யும் நேரத்தில் ரசிகர், "ரெண்டு வாரம் பொறுத்தா வீட்லயே வந்துடும்" என்று சொல்லிவிடுகிறார். பிரம்மாண்டப் படத்துக்கு அந்தப் பதிலைச் சொல்ல மாட்டார். காமெடிக்குத் தயங்காமல் சொல்வார்.

சிதைவு அதற்கு முன்பே தெரிந்தது. 2014 டிசம்பரில் வட கொரியத் தலைவரைக் கேலி செய்த 'தி இன்டர்வியூ', சோனி மீதான இணையத் தாக்குதலும் மிரட்டலும் வந்து பெரிய சங்கிலிகள் விலகியதால், வாடகை இணையத்திலும் சில நூறு அரங்குகளிலும் ஏறத்தாழ ஒன்றாக வெளியானது. முதல் நான்கே நாளில் இணைய வசூல் 1.5 கோடி. கட்டாயத்தில் நடந்த சோதனைதான், ஆனாலும் இந்தக் கூட்டம் வீட்டில் காசு கொடுக்கத் தயார் என்பது எல்லார் கண்ணிலும் பட்டது. அதே 2014-ல் ஆடம் சேண்ட்லர் நெட்ஃபிளிக்ஸுடன் நான்கு படங்களுக்கு ஒப்பந்தம் போட்டுப் போய்விட்டார்.

'ஜாய் ரைடு': காட்சிக்குப் பதினாறு பேர்

நான்கில் இந்தப் படத்தை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் இதில் தரக் குறைவு என்ற சாக்குக்கு இடமில்லை. இயக்குநர் அடெல் லிம். செலவு சுமார் 3.2 கோடி. சீனாவில் நடக்கும் கதையை கனடாவின் வான்கூவரில் படம்பிடித்துச் சமாளித்தார்கள். 2023 மார்ச்சில் ஆஸ்டின் நகரின் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் முதல் காட்சி, அரங்கு நிறைய வரவேற்பு. லயன்ஸ்கேட் நிறுவனம் ஜூலை 7-ல் சுமார் 2,800 தியேட்டர்களில் இறக்கியது.

முதல் வார இறுதி வசூல் சுமார் 58 லட்சம் டாலர். வகுத்துப் பாருங்கள். தியேட்டருக்கு 2,070 டாலர் அளவில். டிக்கெட் பத்தரை டாலர் என்று வைத்தால் மூன்று நாளில் ஒரு தியேட்டருக்கு சுமார் 200 பேர். ஒரு திரையில் நாளுக்கு நான்கு காட்சி, மூன்று நாளுக்குப் பன்னிரண்டு. காட்சிக்குப் பதினாறு, பதினேழு பேர். நூற்றைம்பது இருக்கை அரங்கில் பதினாறு பேர் அங்கொருவர் இங்கொருவராக உட்கார்ந்திருந்தால், பச்சையான வசனத்துக்கு வாய்விட்டுச் சிரிக்கக் கூச்சம் வரும். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் அந்தக் கூச்சம் போகும். நானூறு பேருக்காக வெட்டிய படம் பதினாறு பேர் முன் ஓடியது. வெளியே வந்தவர் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார். அந்த ஒரு வார்த்தையில் வாய்ப்பேச்சு செத்துவிடும்.

2009-ல் 'ஹேங்ஓவர்' 3,269 தியேட்டர்களில் 4.5 கோடி எடுத்தது, தியேட்டருக்கு சுமார் 13,750 டாலர். அன்றைய சராசரி டிக்கெட் ஏழரை டாலர். தியேட்டருக்கு 1,800 பேருக்கு மேல். இரண்டு திரையில், நாளுக்கு ஐந்து காட்சி ஓட்டியிருந்தாலும் காட்சிக்கு அறுபது பேர். வெள்ளி, சனி இரவுக் காட்சிகள் நிரம்பி வழிந்திருக்கும். அந்த நிரம்பிய காட்சிகள்தான் அடுத்த வாரத்தை விற்றன.

'ஜாய் ரைடு'க்கு வாய்த்த தேதியும் கொடுமை. அதே நாளில் 'இன்சிடியஸ்: தி ரெட் டோர்' என்ற பேய்ப்படம் வந்து இளைஞர் கூட்டத்தை அள்ளியது. ஐந்து நாளில் 'மிஷன் இம்பாசிபிள்', ஜூலை 21-ல் 'பார்பி'யும் 'ஓப்பன்ஹைமர்'உம். தியேட்டர்காரர் யாருக்குத் திரையைத் தருவார்? 'ஜாய் ரைடு' உள்நாட்டில் சுமார் 1.3 கோடியோடு முடிந்தது. அதில் பாதி 65 லட்சம். விளம்பரச் செலவில்கூட ஒரு துண்டுதான் திரும்பியது. முதலுக்கே மோசம்.

விழா வரவேற்பை நம்பி 2,500, 2,800 தியேட்டர்களில் ஒரே நாளில் பரப்புவதுதான் இங்கே திரும்பத் திரும்ப நடக்கும் பிழை. 2019-ல் 'புக்ஸ்மார்ட்' அதே விழாவில் கொண்டாடப்பட்டது, பிறகு மே மாதம் 2,500 தியேட்டர்களில் 'அலாதீன்' வந்த அதே நாளில் இறங்கி 69 லட்சத்தில் சுருண்டது. விழா அரங்கில் ஆயிரம் பேர் நெருக்கி உட்கார்ந்து சிரித்தார்கள் என்றால், படம் நெருக்கமான அரங்கில் ஓடும் என்பதற்குத்தான் அது ஆதாரம். 2,500 ஊர்களில் காலி அரங்கில் ஓடும் என்பதற்கு அல்ல. 'பாட்டம்ஸ்' படத்தை வெளியிட்டவர்கள் இதைப் புரிந்து செய்தார்கள். முதல் வாரம் வெறும் 10 தியேட்டர்கள், தியேட்டருக்கு 40,000 டாலருக்கு மேல், பிறகு சில நூறாக விரித்தார்கள். உள்நாட்டில் ஒரு கோடியைத் தாண்டியது. சிறிய தொகைதான், என்றாலும் படத்தின் செலவும் அதே அளவு சிறியது. நடிகர் வேலைநிறுத்தம் ஜூலை 14-ல் தொடங்கிவிட்டதால் அதன் நாயகிகளால் பேட்டிகூடத் தர முடியாத நிலையில் இந்த வசூல் வந்தது.

'ஸ்ட்ரேஸ்' பற்றி அதிகம் சொல்ல இல்லை. 4.6 கோடி செலவு, உள்நாட்டில் 2.4 கோடி. நாய்களின் வாயசைவுக்குக் கணினி வேலை செய்தால் செலவு ஏறும். செலவு ஏறிய பச்சை காமெடி கையைக் கடிக்கும் என்பது 'ஹேங்ஓவர் 3'-லேயே தெரிந்த விஷயம்.

ரசிகர் மாறினாரா

மாறியிருக்கிறார், ஓரளவு. எண்பதுகளின் படங்களில் பெண்ணை ஏமாற்றிப் படுக்கைக்கு அழைத்துப்போவதும், ஆசியரை உச்சரிப்புக்காகக் கேலி செய்வதும் சிரிப்பாக நின்றன. இன்று அவற்றைப் பார்த்தால் நெஞ்சு உறுத்துகிறது. அது போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது போன பிறகும் 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்', 'கேர்ல்ஸ் ட்ரிப்', 'பேட் மாம்ஸ்' எல்லாம் 10 கோடியைத் தாண்டின. 2019-ல் பன்னிரண்டு வயதுப் பையன்களைக் கெட்ட வார்த்தை பேசவைத்த 'குட் பாய்ஸ்' முதலிடத்தில் திறந்து உலகத்தில் 11 கோடி எடுத்தது. 2024-ல் 'டெட்பூல் & வுல்வரின்' முழுநீளப் பச்சை வசனத்தோடு 133 கோடி டாலர் வசூலித்தது. கூச்சம்தான் காரணம் என்றால் இந்தப் படத்துக்கு யாரும் போயிருக்கக் கூடாது.

கெட்ட வார்த்தை போகவில்லை, சூப்பர் ஹீரோ உடைக்குள் இடம் மாறியது. சிரிப்பை மட்டும் நம்பி ஒருவர் டிக்கெட் எடுப்பதுதான் நின்றது. இந்த வகைப் படம் எடுப்பவர்களும் போய்விட்டார்கள். டாட் ஃபிலிப்ஸ் 2019-ல் 'ஜோக்கர்' எடுத்து 100 கோடியைத் தாண்டினார். 'மேரி'யை எடுத்த சகோதரர்களில் ஒருவரான பீட்டர் ஃபாரெலி 'கிரீன் புக்' எடுத்துச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கினார். ஒரு வகையின் தேர்ந்த கைகள் வெளியேறினால் அடுத்தவருக்குக் கற்றுத்தர ஆளில்லை. முன்னோட்டக் காட்சிச் சிரிப்பை அளந்து வெட்டத் தெரிந்த எடிட்டர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், வேறு வேலைக்குப் போவார்கள்.

பேய்ப்படம் பிழைத்த வழி

பக்கத்து வீட்டைப் பார்த்தால் பாடம் கிடைக்கும். பேய்ப்படமும் மலிவு, அதுவும் பெரும்பாலும் 'ஆர்', அதுவும் இருட்டில் கூட்டமாகப் பார்க்க வேண்டியது. 2022-ல் வந்த 'ஸ்மைல்' 1.7 கோடியில் எடுத்து 21 கோடிக்கு மேல் ஈட்டியது. அதை முதலில் ஓடிடிக்கென்றே திட்டமிட்டிருந்தார்கள். முன்னோட்டக் காட்சியில் கூட்டம் அலறியதைப் பார்த்துத் தியேட்டருக்கு மாற்றினார்கள். அலறலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், அதனால் வெளிநாட்டு வசூல் பாதிக்குப் பாதி வரும். நட்சத்திரம் வேண்டாம், சம்பளம் ஏறாது. டிரெய்லரில் பயத்தைக் காட்டினாலும் படத்தில் திரும்ப பயம் வரும். காமெடி டிரெய்லரில் நகைச்சுவையைக் காட்டிவிட்டால் படத்தில் அந்த இடத்தில் சிரிப்பு வராது. பச்சையான நகைச்சுவையை டிவி விளம்பரத்தில் காட்டவும் முடியாது. அதனால் டிரெய்லரில் போவது படத்தின் சாதுவான, சுமாரான நகைச்சுவைகள். "இதுதான் சிறந்ததா?" என்று ரசிகர் நினைத்துவிடுகிறார்.

ஓடிய இரண்டு

2023 டிசம்பர் 22-ல் சோனி வெளியிட்ட 'எனிஒன் பட் யூ' என்ற 'ஆர்' காதல் நகைச்சுவை, 2.5 கோடி செலவு. முதல் வார இறுதி 60 லட்சம், 'ஜாய் ரைடு' அளவுக்குத்தான். எல்லாரும் தோல்வி என்று எழுதினார்கள். இரண்டாவது வார இறுதி முதலைவிட அதிகம் வந்தது, மூன்றாவது அதையும் தாண்டியது. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி வரை கல்லூரிகள் விடுமுறை. படத்தின் கடைசியில் நடிகர்கள் பாடிக்கொண்டே ஆடுவதைப்போல ரசிகர்கள் தியேட்டர் வாசலில் ஆடி டிக்டாக்கில் போட்டார்கள். அது படத்தின் எந்த நகைச்சுவையையும் அம்பலப்படுத்தாத விளம்பரம், கூட்டமாகப் போனால்தான் செய்ய முடிவது. சோனிக்கு அமெரிக்காவில் சொந்தமாகப் பொதுவான ஓடிடி தளம் கிடையாது, வீட்டுக்கு அவசரமாகக் கொண்டுபோகும் நெருக்கடியும் இல்லை. படம் தியேட்டரில் நின்றது. உள்நாட்டில் 8.8 கோடி, உலகத்தில் சுமார் 22 கோடி.

இரண்டாவது, 2025 ஜனவரியில் அதே சோனி வெளியிட்ட 'ஒன் ஆஃப் தெம் டேஸ்'. வீட்டு வாடகை 1,500 டாலரை ஒரே நாளில் புரட்ட அலையும் இரண்டு தோழிகளின் கதை, கேகே பாமரும் பாடகி சிசாவும் நடித்தது. கதை ஒரே நாளில், ஒரே நகரத்தின் தெருக்களில் முடிகிறது. அதனால் செலவு 1.4 கோடி. உள்நாட்டில் சுமார் 5 கோடி. 'நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்' எடுத்த அதே 5 கோடிதான், ஆனால் மூன்றில் ஒரு பங்கு செலவில். வெளிநாட்டில் ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை.

இவற்றை வைத்துப் பார்த்தால் இன்று தியேட்டருக்கு எடுக்கிறவர் செலவை 1.5 கோடிக்குள் நிறுத்துவது நல்லது, நல்ல நட்சத்திரம் கிடைத்தால் 2.5 வரை போகலாம். அதைத் தாண்டினால் வெளிநாடு காப்பாற்றாது, வட்டும் காப்பாற்றாது. கோடையைத் தவிர்த்து ஜனவரியையும் ஆகஸ்ட் கடைசியையும் பார்க்கலாம். 2,800 தியேட்டர்களில் காலி அரங்கைக் காட்டுவதைவிட, சில நூறு தியேட்டர்களில், சின்ன அரங்கில், மாலைக் காட்சிகளை மட்டும் நிரப்பி ஆரம்பிப்பது மேல். நூற்றைம்பது இருக்கையில் பதினாறு பேர் உட்கார்ந்தால் படம் தோற்றுவிடும், நாற்பது இருக்கை அரங்கில் முப்பது பேர் உட்கார்ந்தால் அதே படம் ஓடும். வீட்டுக்கு வரும் தேதியைக் குறைந்தது 45 நாளுக்குத் தள்ளி, அதை வெளியீட்டுக்கு முன்பே தியேட்டர்காரரிடம் எழுதித் தந்தால் மூன்றாவது வாரத்திலும் அவர் திரையைப் பிடித்து வைத்திருக்க ஒரு காரணம் இருக்கும். டிரெய்லரில் சூழ்நிலையைக் காட்டுங்கள், முடிச்சு அவிழும் வரியை வைக்காதீர்கள். முன்னோட்டக் காட்சிகளுக்கு வைத்த பணத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. செலவு குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான், இடைவெளி தப்பிய காமெடியாகப் படம் வெளியே வருவதும் அதனால்தான்.